மாவிஸின் அலமாரி

ஹார்லனைக் கட்டிக்கொண்டு ஒரு முழுப் பனிக்காலம் போய்விட்டது. இன்னமும் அந்த மனுஷனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்!

நான் வடக்கே இரும்புச் சுரங்க ஊரில் பிறந்தவள். அப்பா இத்தாலிக்காரர், அம்மா ஸ்லோவேனியாக்காரி. எங்கள் வீட்டில் சூப்பில் உப்புக் குறைந்தால் தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேட்கும். ஹார்லன் மேற்கே ஆட்டர்டெயில் ஏரிப் பக்கம், நார்வேயிலிருந்து வந்த பண்ணைக் குடும்பம். இந்தப் பக்கத்து ஆட்களிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், சரி, ஊற்றினதை வீணாக்க வேண்டாமே என்று கோப்பையை நீட்டுவார்கள். மூன்று தடவை கேட்காதவள் மரியாதை தெரியாதவள். ஹார்லன் என்னிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது நான் உடனே சரி என்றேன். அவன் முகம் வெளுத்துப் போய்விட்டது. "யோசிச்சு சொல்லேன்" என்றான். இன்னும் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் நான் சரி சொன்ன பிறகுதான் மோதிரத்தை வெளியே எடுத்தான்.

இரண்டு பேருக்குமே இது இரண்டாம் கல்யாணம். என் முதல் புருஷன் ஓடிப்போனான். அவன் முதல் மனைவி மாவிஸ் செத்துப்போனாள். ஓடிப்போனவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். செத்துப்போனவளைப் பற்றித்தான் சர்ச்சில் காபி குடிக்கிற நேரமெல்லாம் பேச்சு. மாவிஸ் நல்ல உயரம். ஹார்லனைவிட ஒரு விரல்கடை அதிகம் என்று சொல்வார்கள். அவள் வீட்டில் எல்லா அலமாரியும் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். நானோ குள்ளச்சி. மிளகுத்தூள் எடுக்கவும் ஸ்டூல், தட்டு எடுக்கவும் ஸ்டூல், காலையில் முகம் பார்க்கவும் ஸ்டூல். அந்த ஸ்டூலை இடுப்பில் தூக்கிக்கொண்டே வீடு முழுக்கத் திரிந்தேன். ஒரு நாள் ஸ்டூல்மேல் நின்றபடியே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியா, இல்லை மாவிஸ் வீட்டில் வந்து தங்கியிருக்கிற விருந்தாளியா?

இதை எப்படி அவனிடம் கேட்பது? கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்பான். அது ஒரு பதிலா?

பனி உருகத் தொடங்கியதும் ஒரு நாள் அவனே சொன்னான். "கொட்டகைக்கு வெளிய நிக்குதே பழைய கேம்பர், அத நீ எடுத்துக்கோயேன். உள்ள உன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். மீன்பிடி சீசன் தொடங்குற சனிக்கிழமை ஏரிக்கு இழுத்துட்டுப் போலாம்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கே தங்கை லூசிலுக்கு போன் போட்டேன்.

"இதுலதான்டி தெரியப்போகுது. அவனும் மாவிசும் வருஷா வருஷம் போன வண்டி. நான் கைய வச்சா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன். எனக்கு இங்க இடமில்லன்னு தெரிஞ்சா, ஜூன் மாசத்துக்குள்ள பெட்டியோட உன் வீட்டு வாசல்ல நிப்பேன்."

"மாடி ரூம் காலியாத்தான் இருக்கு" என்றாள் லூசில். "ஆனா உன் வாய் இங்க வந்தா என் புருஷன் கிளம்பிடுவான்."

கேம்பர் என்றால் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. இது அறுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. வெளியே அலுமினியத் தகடு, பக்கவாட்டில் பார்த்தால் ரொட்டித் துண்டு மாதிரி வளைவு. உள்ளே நுழைந்ததும் எலி மூத்திர நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. வாத்துப் படம் போட்ட திரைச்சீலைகள். தரையில் பழுப்புக் கம்பளம், அதற்கடியில் ஒரு விரிப்பு, அதற்கும் அடியில் இன்னொன்று. ஜன்னல்களுக்குக் கீழே பிர்ச் மரப் பலகை மழைத்தண்ணீர் இறங்கிக் கறுத்து, கையால் பிய்த்தால் பிஸ்கட் போல வந்தது. கதவுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஓர் அலமாரி. பட்டாணிப் பச்சைப் பெயிண்ட். உள்ளே துணி மாட்டுகிற கம்பி எனக்கு எட்டவே எட்டாத உயரத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, இங்கேயுமா!

நான் பள்ளிக்கூட சமையலறையில் வாழ்நாள் பூராவும் அண்டா தூக்கினவள். வேலைக்குப் பயப்பட மாட்டேன். கடப்பாறையை எடுத்தேன். கம்பளத்தைக் கிழித்தேன், பெஞ்சு மெத்தைகளை வீசினேன், திரைச்சீலைகளை உருவினேன். கம்பளத்தை அடித்திருந்த பின் ஊசிகள் மட்டும் ஒரு வாளி நிறையச் சேர்ந்தன.

"இதெல்லாம் தூக்கிப் போட்டுடு ஹார்லன்" என்றேன்.

"சரி" என்றான்.

குப்பைத் தொட்டி இடது பக்கம். அவன் வலது பக்கம் போனான். திரைச்சீலைகளைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டிராக்டர் கொட்டகைக்குள் போனான். மெத்தைகளும் அங்கேதான் போயின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனேதான் மாற்றிக்கொள் என்றான், அவனேதான் எடுத்து ஒளித்து வைக்கிறான்.

பிறகு அலமாரி.

"இத எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எடுக்கணும்னா எடுக்கலாம்."

"உனக்கு வேணுமா?"

"எனக்கென்ன. நீ யோசிச்சுத்தான் செய்வ."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். கூரையைப் பார்த்தான். பிறகு, "பம்ப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்" என்று போய்விட்டான். அந்தப் பம்ப் போன வாரம்தான் மாற்றியது. சரி, வாய் இருக்கிறவன் பேசட்டும் என்று நான் அலமாரியை அறுத்து எடுத்தேன். அது இலேசில் வரவில்லை. ஆணிகளெல்லாம் வெளித் தகட்டுப் பக்கமிருந்து அடித்திருந்தார்கள். ரம்பத்தை இடுக்கில் விட்டு ஒவ்வொன்றாக அறுத்தேன். அதையும் ஹார்லன் வந்து கொட்டகைக்குக் கொண்டுபோனான். எடுத்த பிறகு உள்ளே எவ்வளவு வெளிச்சம்! நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றிப் பார்த்தேன்.

சாயங்காலம் பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ் வந்தாள். மாவிஸின் சிநேகிதி. கையில் ருபார்ப் தண்டு போட்டுச் செய்த இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு. கேம்பருக்குள் தலையை நீட்டினாள். ஹார்லன் பின்னால் நின்றான்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

இந்த ஊரில் ஒருத்தி வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், கண்றாவி என்று அர்த்தம். ஹார்லன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன்.

"ஆமா, வித்தியாசமாத்தான் இருக்கு" என்றான் அவனும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் ஒரே ஒரு இனிப்புத் துண்டு மிச்சம். இவர்கள் கடைசித் துண்டை எடுக்கவே மாட்டார்கள். ஹார்லன் அதில் பாதியை வெட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மீதியில் பாதி. அப்புறம் அதிலும் பாதி. கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒன்று தட்டில் கிடந்தது. அதையும் எனக்காக விட்டு வைத்தானாம். நான் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டைப் படாரென்று பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வைத்தேன்.

மறுநாள் கேம்பர் கதவு சாத்த வரவில்லை.

நேற்று வரைக்கும் ஒழுங்காகச் சாத்தின கதவு. இன்றைக்கு மேல் மூலை இடிக்கிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று இழைப்புளி எடுத்து இழைத்தேன். சாத்தியது. நிம்மதியாகப் போய்ச் சமைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் மறுபடி இடிக்கிறது. மறுபடி இழைத்தேன். இப்போது கீழே இரண்டு விரல் போகிற இடைவெளி, மேலே இடி. கீலைக் கழற்றி மாட்டினேன். டயருக்குக் காற்று அடித்தேன். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினேன், இறக்கினேன். உள்ளே புதுப் பலகை வெட்டிப் பொருத்தினால் காலையில் சரியாக உட்கார்ந்த பலகை சாயங்காலம் பிதுங்குகிறது. அளவு நாடாவே பொய் சொல்கிறதோ என்று இன்னொரு நாடா வாங்கினேன். அதுவும் அதையேதான் சொன்னது.

லூசிலுக்கு போன் போட்டேன். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, இல்ல வண்டிக்கா?"

"அவ ஆவி வந்து தள்ளுதோ என்னமோ."

"வாய மூடுடி. ராத்திரி நான் தனியா பாத்ரூம் போக வேணாமா?"

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவான்? வந்து நிக்கறான். கதவப் பாக்கறான். கூரையப் பாக்கறான். 'இதவிட மோசமாகூட ஆகலாம்'ங்கறான். அப்புறம் கொட்டகைக்குப் போயிடறான். நாள் பூரா அங்கயேதான். படகுத்துறைப் பலகைய சரி பண்றானாம். கேட்டா அவ்வளவுதான் சொல்றான்."

"உள்ள போய்ப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. இதை லூசிலிடம் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

மீன் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை நேரம் கேம்பருக்குள் மேலே தடவிப் பார்த்தபோது கூரைப் பலகை கைக்குத் தட்டுப்பட்டது. நான் குள்ளச்சி. ஸ்டூல் இல்லாமல் எனக்குக் கூரை தட்டுப்படுமா?  பிறகு ஒரு கட்டையைத் தேடி எடுத்து, அலமாரி இருந்த இடத்தில் நிறுத்தி, கூரையை முட்டுக்கொடுத்து மேலே தள்ளினேன். க்ரீச் என்று ஒரு சத்தம். கதவு தானாகவே நகர்ந்து வந்து, டக்கென்று சாத்திக்கொண்டது.

அந்த அலமாரிதான் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உத்திரமெல்லாம் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போய், எத்தனை வருஷமாகவோ அந்தப் பச்சை அலமாரியின் தலையில்தான் வண்டி நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. செத்துப்போயும் அந்த மகராசி கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். நான் உயிரோடு இருந்து ஒரு கதவைச் சாத்த முடியவில்லை.

வேறு வழியில்லை. அவள் அலமாரியை அவள் இடத்திலேயே கொண்டுவந்து வைக்க வேண்டியதுதான். வீம்பை விழுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

கதவைத் தள்ளித் திறந்தேன். டிராக்டரை வெளியே விட்டிருந்தான். சிமென்ட் தரையில் சாக்பீஸால் நீளமாகக் கோடு போட்டிருந்தது. கேம்பரின் அளவு, அதே வளைவு. அந்தக் கோட்டுக்குள் மாவிஸின் மெத்தைகள், இருந்த இடத்திலேயே. ஒரு கயிற்றில் வாத்துத் திரைச்சீலைகள், துவைத்துத் தேய்த்துத் தொங்குகின்றன. கதவு இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பச்சை அலமாரி நிமிர்ந்து நிற்கிறது.

 நான் அங்கே ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க, அவன் இங்கே ஒவ்வொன்றாக அடுக்கி, அவளுக்கு வீடு கட்டி வைத்திருக்கிறான். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. மாவிஸின் மெத்தையில் போய் உட்கார்ந்தேன். 

ஹார்லன் ஒரு காபி டின் நிறைய ஆணிகளோடு உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நான் லூசில் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்குப் போலவே அவன் முகம் வெளுத்தது. 

"கார்மெலா" என்றான். "இன்னும் ரெண்டு தடவ சொல்லிடாத."

 "என்னது?"

"ஒரு தடவ சொன்னா கோவத்துல சொன்னதுன்னு இருந்துடுவேன். மூணு தடவ சொல்லிட்டா நான் உன் பெட்டியத் தூக்கிட்டு வந்து கார்ல வைக்கணும். வேணாம்."

"அப்ப இதெல்லாம் என்ன? அவளுக்கு இங்க வீடு கட்டியிருக்கியா? நான் அங்க என்ன, கூலிக்கு வந்தவளா?"

அவன் திரைச்சீலைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உண்மையாகவே அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "நீ தூக்கிப் போடுன்னு ஒரு தடவதான் சொன்ன."

"அதுக்கு?"

"மனசு மாறி நாளைக்குத் திரும்பக் கேட்டா? எலி கடிச்சிருந்தா நல்லா இருக்குமா? அதான் துவைச்சு மாட்டினேன்."

"அட கடவுளே! எங்க ஊர்ல தூக்கிப் போடுன்னா தூக்கிப் போடுன்னுதான் அர்த்தம்! சரி, அலமாரி? அது கூரையத் தாங்கிட்டு இருந்துச்சு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்போதிலேர்ந்து?"

"மாவிஸ் இருக்கும்போதே உத்திரம் மக்கிருச்சு. நான்தான் கூரைய அந்த அலமாரி மேல உக்கார வச்சேன்."

நான் எழுந்தே விட்டேன். "யோவ்! அலமாரிய எடுத்துடட்டுமான்னு நான் கேட்டப்போ பக்கத்துலதானே நின்ன! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"உன் வேலை நடுவுல வந்து, நீ தப்புப் பண்றேன்னு எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காது." அவன் டின்னைக் கீழே வைத்தான். "அதுவுமில்லாம நீ ரெண்டு தடவதான் கேட்ட. மூணாவது தடவ நீ கேப்பேன்னு கூரையப் பாத்துட்டே நின்னேன். பம்ப்ப பாத்துட்டு வர்றதுக்குள்ள நீ ரம்பத்த எடுத்துட்ட."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறின கோபம் அங்கேயே நின்று, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் சிரிப்பாக வந்துவிட்டது. நான் சிரிப்பதா திட்டுவதா என்று அவன் குழம்பிப்போய் நிற்க, அதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு.

"அதுக்குத்தான் இது" என்று சொல்லி, பச்சை அலமாரிக்குப் பின்னால் கிடந்த தார்ப்பாயை விலக்கினான்.

புது அலமாரி. பிர்ச் மரம், தேன் நிறத்தில் மெருகு போட்டது. தலைப்பக்கம் கேம்பரின் வளைவுக்குச் சரியாக வளைத்திருந்தான். சாக்பீஸ் கோடும் மெத்தையும் அதற்குத்தான். கதவு திறக்க இடிக்குமா, உட்கார்ந்தால் முழங்கால் தட்டுமா என்று பழையதை வைத்து அளந்து பார்த்திருக்கிறான். நான் தகட்டுப் பக்கம் முதல் ஆணியை அறுத்த அன்றைக்கே இதைத் தொடங்கியிருக்கிறான்.

கதவைத் திறந்தேன். துணி மாட்டுகிற கம்பி என் தோளுக்கு நேராக இருந்தது. கையை நீட்டினேன். எட்டியது. ஸ்டூல் இல்லாமல் எட்டியது. மேல் தட்டும் எட்டியது. நான் வீடு முழுக்க ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததை இந்த மனுஷன் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரத்தூள் என்று துடைத்துக்கொண்டேன்.

உள்ளே ஓரமாக, கம்பியைவிட ரொம்ப உயரத்தில், ஒரே ஒரு பித்தளைக் கொக்கி இருந்தது. எனக்கு எட்டாது.

"இது எதுக்கு இவ்வளவு மேல?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். "மாவிஸ் அலமாரியில எனக்கு இடமில்ல. என் சட்டையெல்லாம் பெஞ்சுக்கு அடியில ஒரு அட்டைப் பெட்டியிலதான். முதல்ல ஏரிக்குப் போன நாள்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"அத்தனை வருஷமுமா? அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவ கேப்பான்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு அவ இருந்திருப்பா. அவளும் இந்த ஊர்க்காரிதான்." கொட்டகை வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.  வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை.

"அந்தக் கொக்கி எனக்கு" என்றான். "உன் துணிக்குப் பக்கத்துல என் சட்டை தொங்கணும். எனக்கு அது வேணும், கார்மெலா."

வேணும் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டுக் காது வரைக்கும் சிவந்துபோய், என் பதிலுக்காக நின்றான்.

நான் உடனே சரி என்றேன். இந்தத் தடவை அவன் மறுபடி கேட்கவில்லை.